பையும் கையெழுத்தும்: பாலித் தீவில் பதின்வயதினர் நடத்திய ஓர் இயக்கத்தின் நிகழ்வு ஆய்வு

இந்தோனேசியாவில் கடைக்காரர் காய்கறியைப் போட்டுத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ‘க்ரெசெக்’ என்று பெயர். கையில் எடுக்கும்போது எழும் சரசரப்பே அந்தச் சொல்லாயிற்று. அந்தப் பையைத் தங்கள் தீவிலிருந்து அகற்ற வேண்டும் என்று 2013ஆம் ஆண்டில் பாலியில் இரண்டு சிறுமியர் முடிவு செய்தார்கள். மூத்தவர் மெலாத்தி வைசனுக்கு அப்போது 12 வயது. தங்கை இசபெலுக்கு 10 வயது. அவர்கள் தொடங்கிய இயக்கத்தின் பெயர் ‘பை பை பிளாஸ்டிக் பேக்ஸ்’. தமிழில் எழுதும்போது அந்தப் பெயரின் முதற்சொல் விடைகொடுப்பதையும் குறிக்கிறது, விடைகொடுக்கப்படும் பொருளையும் குறிக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கே தெரியாமல் அமைந்த சிலேடை அது.

ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், பாலி மாகாண ஆளுநர் பிளாஸ்டிக் பை, ஸ்டைரோஃபோம் (தெர்மாகோல்), உறிஞ்சுகுழல் ஆகிய மூன்றையும் தடுக்கும் ஆணையைப் பிறப்பித்தார். சிறுமியர் கேட்டார்கள், அரசு கொடுத்தது என்று இந்த இரு நிகழ்வுகளையும் ஒரே கோட்டில் இணைத்துச் சொல்வது எளிது; உலகச் செய்தி ஊடகங்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லின. இந்த ஆய்வு அந்த இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றியது. பதின்வயதினர் ஒரு தீவின் கடைக்காரரையும் ஊர்த்தலைவரையும் அதிகாரியையும் எப்படி அணுகினார்கள், அந்த அணுகுதல் அவர்களை என்னவாக ஆக்கியது, அவர்களால் எந்த வாசலை முழுமையாகத் தாண்ட முடியவில்லை என்பனவே இங்கே பார்க்கப்படுகின்றன.

தீவின் நிலை

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பாலியில் சுமார் 43 லட்சம் பேர் வாழ்கிறார்கள். பெருந்தொற்றுக்கு முந்தைய 2019இல் அங்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டியது. வாழையிலையில் பொட்டலம் கட்டி வாழ்ந்த சமூகம் அது. இலையைத் தோட்டத்து மூலையிலோ ஓடைக்கரையிலோ எறிந்தால் சில நாட்களில் மண்ணாகிவிடும். ஆகவே எறிவது குற்றமாகவும் தோன்றவில்லை. இலையின் இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்தபோது எறியும் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. தினமும் காலையில் வீட்டு வாசலிலும் கடை முன்பும் வைக்கப்படும் ‘சானாங் சாரி’ என்னும் ஓலைத்தட்டுப் படையலைச் சற்றுக் குனிந்து பார்த்தால் இந்த மாற்றம் தெரியும். தென்னங்குருத்தால் முடைந்த சிறு தட்டு, நிறம் பிரித்து அடுக்கிய பூக்கள், ஊதுவத்தி. இவற்றினிடையே சில நேரங்களில் பளபளக்கும் உறையோடு ஒரு மிட்டாயும் இருக்கும். வெயில் சாயும்போது பூவும் ஓலையும் வாடிச் சுருங்க, அந்த உறை மட்டும் காலையில் இருந்த மெருகோடு கிடக்கும்.

மழைக்காலத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரை, ஆறுகள் அடித்து வருவதையும் கடல் சுமந்து வருவதையும் மேற்குக் காற்று கூத்தா, ஜிம்பாரான் கடற்கரைகளில் கொண்டு வந்து கொட்டுகிறது. 2017இன் இறுதியில் அங்கே சுமார் 6 கிலோமீட்டர் நீளக் கடற்கரைக்குக் ‘குப்பை அவசர நிலை’ அறிவிக்க நேர்ந்தது. நாளொன்றுக்கு 100 டன் வரை அள்ளப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. மெலாத்தியும் இசபெலும் தங்கள் உரைகளில் எடுத்துக்காட்டிய கணக்கு வேறு வகையானது: தீவில் ஒரு நாளில் சேரும் பிளாஸ்டிக் குப்பை 680 கன மீட்டர், அதாவது பதினான்கு மாடிக் கட்டடம் அளவு; பைகளில் 5 விழுக்காடுகூட மறுசுழற்சிக்குப் போவதில்லை. டன் கணக்கைச் சொன்னால் கேட்பவர் தலையசைத்துவிட்டுப் போவார். தென்னை மரத்தின் உயரத்துக்கு மேல் கட்டடம் எழுப்பக்கூடாது என்ற கட்டுப்பாடு உள்ள ஒரு தீவில் பதினான்கு மாடி என்றால் அண்ணாந்து பார்ப்பார். அந்த ஒப்புமையை அவர்கள் தெரிந்தே தேர்ந்தார்களா என்பது முக்கியமில்லை. அது அந்த மண்ணுக்குப் பொருந்தியது.

தொடக்கமும் தேர்வும்

இருவரின் தாய் இந்தோனேசியர், தந்தை டச்சுக்காரர். மெலாத்தி என்றால் அந்நாட்டு மொழியில் மல்லிகை. அவர்கள் படித்தது 2008இல் தொடங்கப்பட்ட கிரீன் ஸ்கூல் என்னும் மூங்கில் கட்டடப் பள்ளியில். மண்டேலா, காந்தி போன்றவர்களைப் பற்றி ஒரு நாள் வகுப்பில் பாடம் நடந்தது. வீடு திரும்பிய அக்காளும் தங்கையும், பெரியவர்களாகும் வரை காத்திராமல் இப்போதே செய்யக்கூடியது என்ன என்று பேசிக்கொண்டதாக இருவரும் பலமுறை கூறியிருக்கிறார்கள்.

இதுவரை இது எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியது. அடுத்து நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. தீவில் பிரச்சினைகளுக்குப் பஞ்சமில்லை: நெல்வயல்கள் விடுதிகளாகிக்கொண்டிருந்தன, நிலத்தடி நீர் குறைந்துகொண்டிருந்தது, போக்குவரத்து நெரிசல் பெருகிக்கொண்டிருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பொருள், அதுவும் குழந்தையின் கைக்கும் எட்டுகிற பொருள். ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்பதை யாரிடம் போய்க் கேட்பது? பையை வேண்டாம் என்பதைக் கடைக்காரரிடம் கேட்கலாம், ஊர்த்தலைவரிடம் கேட்கலாம், ஆளுநரிடமும் கேட்கலாம். ருவாண்டா 2008இலேயே பைகளைத் தடை செய்திருந்தது. ஹவாயிலும் தடை வந்துகொண்டிருந்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்ற கேள்வியோடு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினார்கள்.

இளையோர் தலைமைப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் பல முகாம்களோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அங்கே மேடைப்பேச்சு, குழு விளையாட்டு, இலக்கு நிர்ணயம் என்று எல்லாம் கற்றுத் தரப்படும். ஆனால் மாணவரின் கோரிக்கையைக் கேட்டு ‘முடியும்’ என்றோ ‘முடியாது’ என்றோ சொல்லக்கூடிய ஒருவர்கூட அந்த அறைக்குள் இருக்கமாட்டார். பாலியில் பயிற்சி பின்னால் வந்தது. பதில் சொல்லவேண்டிய ஆள் முதலில் வந்தார்.

ஊர், விமான நிலையம், ஆளுநர்

முதலில் இணைய மனு. ஒரு நாளுக்குள் 6,000 கையெழுத்துகள் சேர்ந்தன. பத்து லட்சம் கையெழுத்து திரட்டினால் அரசு அசையும் என்று கணக்குப் போட்டார்கள். கூடவே பெரரெனான் என்னும் கடலோர ஊரை முன்னோட்டமாக எடுத்துக்கொண்டார்கள். சுமார் 800 குடும்பங்கள் வாழ்ந்த ஊர். ஊர்த்தலைவர்தான் தங்களுக்குக் கிடைத்த முதல் நண்பர் என்றும், தங்கள் டி-சட்டை அவருக்குப் பிடித்துப்போனது உதவியாக இருந்தது என்றும் பின்னர் ஒரு மேடையில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்கள். கடைகளுக்கு மாற்றுப் பைகளைக் கொடுப்பது, வாங்க வருபவரிடம் பேசுவது என்று வேலை நடந்தது. 2015இல் அவர்கள் கொடுத்த கணக்கின்படி மூன்றில் இரண்டு பங்கு பாதையை ஊர் கடந்திருந்தது. முழு வெற்றி என்று பறைசாற்றாமல் மூன்றில் இரண்டு என்று சொன்னதை நான் மதிக்கிறேன். பிள்ளைகள் நடத்தும் இயக்கங்களில் பெரியவர்கள் தயாரிக்கும் அறிக்கைகள் பொதுவாக இந்த அளவு நேர்மையாக இருப்பதில்லை.

விமான நிலையக் கதைதான் இந்த நிகழ்வில் மிகவும் செறிவான பகுதி. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோகும் ஙுரா ராய் விமான நிலையத்துக்குள் நின்றால் கையெழுத்து கொட்டும் என்பது யோசனை. ஆனால் உள்ளே எப்படிப் போவது? அவர்கள் விவரிப்பதன்படி, முதலில் துப்புரவுப் பணியாளரிடம் பேசினார்கள்; அவர் வழியாக அவருடைய மேலாளர், அவருக்கும் மேலாளர், பிறகு துணை அலுவலக மேலாளர், அலுவலக மேலாளர் என்று ஏறினார்கள்; ஓரிடத்தில் இரண்டு படி கீழே இறக்கப்பட்டு, மறுபடியும் துப்புரவுப் பணியாளரிடமே வந்துவிடுவோமோ என்று நினைத்தார்கள். பல நாள் அலைந்த பிறகு விமான நிலையத்தின் வணிக மேலாளர் முன் உட்கார முடிந்தது. தாம் சொல்லப்போவதைத் தாமே நம்ப முடியவில்லை என்ற பாவனையோடு, சுங்கச் சோதனைக்கும் குடிநுழைவுச் சோதனைக்கும் அப்பால் நின்று கையெழுத்து வாங்க அவர் அனுமதி கொடுத்தார். முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 1,000 கையெழுத்துகள் கிடைத்தன.

கையெழுத்துகளின் எண்ணிக்கையைவிட அந்தப் படிக்கட்டு முக்கியமானது என்று கருதுகிறேன். ஓர் அலுவலகத்தில் எந்த மேசையில் எந்த அதிகாரம் இருக்கிறது, யாருக்கு யார் பதில் சொல்லவேண்டும், ‘நாளை வா’ என்பது எப்போது மறுப்பு, எப்போது உண்மையிலேயே நாளை என்பவை குடிமக்களுக்குத் தேவையான அறிவு. பெரும்பாலோர் அதை நாற்பது வயதில் பத்திரப் பதிவுக்கோ பட்டா மாறுதலுக்கோ அலையும்போதுதான் கற்கிறோம். இந்தப் பிள்ளைகள் அதைப் பதின்மூன்று வயதுக்குள் கற்றுக்கொண்டார்கள்.

ஆனாலும் கையெழுத்துகளால் ஆளுநர் அலுவலகத்தின் கதவு திறக்கவில்லை. மனுவின் கணக்கு காலப்போக்கில் ஒரு லட்சத்தைத் தொட்டபோதும் பத்து லட்சம் எட்டாத தொலைவிலேயே இருந்தது. இந்தியாவில் உரையாற்ற வந்தபோது காந்தி தங்கியிருந்த வீட்டைப் பெற்றோர் காட்ட, உண்ணாநோன்பு பற்றி அங்கே தெரிந்துகொண்டார்கள். ஊர் திரும்பியதும் அதையே செய்யலாம் என்றார்கள். வளரும் வயதுப் பிள்ளைகள் பட்டினி கிடப்பதா என்ற நியாயமான கவலை எழுந்தது. உணவியல் வல்லுநர் ஒருவரிடம் கேட்டு, சூரிய உதயம் முதல் மறைவு வரை மட்டும் உண்ணாமலிருப்பது என்று வரையறுத்துக்கொண்டார்கள். ஆளுநர் மடே மங்கு பஸ்திக்கா தங்களைச் சந்திக்கும் வரை என்பது அறிவிப்பு. இரண்டாம் நாளே காவலர்கள் விசாரிக்க வந்தார்கள். ஒரு நாள் கழித்து, பள்ளியிலிருந்தே அழைத்துச்செல்லப்பட்டு ஆளுநர் முன் அமர்ந்தார்கள். அவர் பாராட்டிப் பேசி, 2018 ஜனவரிக்குள் பாலியைப் பிளாஸ்டிக் பை இல்லாத தீவாக்க உதவுவதாகப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

இந்த நோன்பு குறித்து எனக்கு இரு மனம் உண்டு. பதினான்கு வயதைத் தாண்டாதவர்கள் உடலைப் பணயம் வைப்பதை முன்மாதிரியாக எந்த ஆசிரியரும் பரிந்துரைக்கக் கூடாது. வல்லுநரைக் கேட்டு வரம்பு போட்டது அந்தத் தவறின் அளவைக் குறைத்ததே தவிர நீக்கிவிடவில்லை. அதே நேரம், இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு தீவில் நோன்பு என்பதன் பொருள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மனுவின் மொழி ஆளுநருக்கு அயலானது. நோன்பின் மொழி அவருடைய வீட்டு மொழி.

வாக்குறுதிக்கும் ஆணைக்கும் நடுவே

2018 ஜனவரி வந்தது, பைகள் போகவில்லை. இதற்குள் இந்தோனேசிய அரசு 2016இல் சில நகரங்களில் பைக்கு 200 ரூப்பியா வசூலிக்கும் சோதனைத் திட்டத்தை நடத்தி, சில மாதங்களில் அது தேய்ந்தும் போயிருந்தது. வாக்குறுதியை மட்டும் நம்பியிருந்தால் இயக்கமும் அப்படியே தேய்ந்திருக்கும்.

அந்த இடைவெளியில் இளையோர் செய்தவை பெரிதும் ஆரவாரமற்றவை. பை கொடுக்காத கடைகளுக்கும் உணவகங்களுக்கும் நேரில் சென்று பார்த்து வாசலில் ஒட்ட ஒரு சிறு ஒட்டுச்சீட்டு தந்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக இந்தோனேசிய மொழியில் கையேடு தயாரித்தார்கள். மலைப்பகுதிப் பெண்கள் பழைய துணிகளிலிருந்து பைகள் தைத்து வருமானம் பெற ‘மவுண்டன் மாமாஸ்’ என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். ஆரவாரமாக நடந்தது ஒன்றுதான்: 2017 பிப்ரவரியில் ‘ஒரே தீவு, ஒரே குரல்’ என்ற பெயரில் தீவெங்கும் நடந்த கடற்கரைத் துப்புரவு. 50க்கும் மேற்பட்ட இடங்களில் சுமார் 12,000 பேர் கூடி ஏறத்தாழ 40 டன் குப்பையை அள்ளினார்கள். ஒரு நாள் துப்புரவால் கடற்கரை சுத்தமாகிவிடாது என்பது குனிந்து அள்ளிய அனைவருக்கும் தெரியும். அடுத்த அலை மீண்டும் கொண்டு வரும். விடுதி மேலாளரும் மீனவரும் பள்ளிப்பிள்ளையும் ஒரே மணலில் ஒரே சாக்கைப் பிடித்து நின்றதுதான் அதன் பயன். தடை வரும்போது எதிர்க்கக்கூடியவர்களில் பலர் அந்த மணலில் ஏற்கெனவே நின்றிருந்தார்கள்.

2018 செப்டம்பரில் வயான் கோஸ்டர் ஆளுநரானார். டிசம்பரில் 97ஆம் எண் ஆணை வந்தது. தலைநகர் டென்பசாரின் மேயர் பிறப்பித்த தனி ஆணை 2019 ஜனவரி 1 முதல் கடைகளில் பைகளை நிறுத்தியது. மாகாண ஆணை ஆறு மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. மறுசுழற்சித் தொழில் செய்வோரின் சங்கம் ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போய், அதே 2019இல் தோற்றது. இவ்வளவையும் இரு சகோதரிகளின் கணக்கில் எழுதுவது சரியன்று. பிரித்த குப்பையை வாங்கிக்கொண்டு பணம் தரும் குப்பை வங்கிகளைத் தீவில் ஏற்கெனவே நடத்தியவர்கள், சூழலியல் அமைப்புகள், சுற்றுலா வருமானம் போய்விடுமோ என்று அஞ்சிய விடுதிக்காரர்கள், 2017இன் அந்தக் கடற்கரைப் படங்கள் எல்லாம் சேர்ந்தே அந்த ஆணையைக் கொண்டுவந்தன. பைத் தடை என்பதைப் பாலியில் நினைத்துப் பார்க்கக்கூடிய ஒன்றாகப் பல ஆண்டுகள் பேச்சில் வைத்திருந்தது பிள்ளைகளின் பங்கு.

எட்டாத வாசல்

மேலே சொன்ன படிக்கட்டில் ஒரு படி விடுபட்டிருப்பதைப் பாலியை அறிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். பாலியின் சமூக வாழ்வு ‘பஞ்சார்’ என்னும் குடியிருப்பு மன்றத்தில் நடக்கிறது. திருமணமும் சாவும் கோயில் விழாவும் ஊர்க்காவலும் அதன் பொறுப்பு. பல பஞ்சார்களைக் கொண்ட மரபுவழி ஊர் ‘தேசா அடாட்’ எனப்படும். அதற்கென்று ‘அவிக்-அவிக்’ என்ற சொந்த ஊர்ச்சட்டம் உண்டு, மீறினால் அபராதம் உண்டு. ஒவ்வொரு பஞ்சாரிலும் மணமாகாத இளையோருக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது: ‘செகா தெருனா-தெருனி’. தெருனா என்பது நாமும் அறிந்த ‘தருண’ என்னும் வடசொல்தான். விழாவில் பந்தி பரிமாறுவது, பணம் வசூலிப்பது, கணக்கு ஒப்பிப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் இந்தப் பிள்ளைகள் இங்கேதான் பழகுகிறார்கள். இளையோர் தலைமைத் திட்டம் என்ற சொற்றொடர் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தீவில் அது இருந்திருக்கிறது.

‘பை பை பிளாஸ்டிக் பேக்ஸ்’ ஆங்கிலத்தில் பிறந்த பெயர். கட்டணம் மிகுந்த, வெளிநாட்டினர் பிள்ளைகள் பெருமளவில் படிக்கும் பள்ளியிலிருந்து புறப்பட்ட இயக்கம். உள்ளூர்ப் பள்ளிகளின் மாணவர்களும் பின்னர் சேர்ந்தார்கள் என்றாலும், அதன் குரல் ஊர் மன்றத்தைவிட உலக மேடையில்தான் எளிதாகக் கேட்டது. ஐ.நா. மன்றத்தில் ஒலித்த பேச்சு அடுத்த தெருவின் பஞ்சார் கூடத்தில் எவ்வளவு ஒலித்தது என்பது கேட்கவேண்டிய கேள்வி. இதைப் பழியாகச் சொல்லவில்லை. இரண்டு பண்பாடுகளின் பிள்ளைகளாக இருந்ததால்தான் ஆளுநர் அலுவலகத்தையும் அயல்நாட்டு ஊடகத்தையும் ஒரே நேரத்தில் அணுக முடிந்தது. அதே காரணத்தால் மணமாகும்வரை ஊரோடு கட்டுண்டிருக்கும் ஓர் இளைஞனுக்கு அந்தச் சங்கத்தில் இருக்கும் இடம் அவர்களுக்கு எளிதில் வாய்க்கவில்லை.

செகா தெருனாக்கள் கைகட்டி இருந்துவிடவுமில்லை. ஞெப்பி என்னும் மௌன நாளுக்கு முந்தைய மாலையில் தெருவில் சுமந்து செல்லும் ‘ஓகோ-ஓகோ’ பூத உருவங்களைச் செய்வது அவர்களின் வேலை. பல ஆண்டுகளாக அவை ஸ்டைரோஃபோமைச் செதுக்கி உருவாக்கப்பட்டன. வெட்டுவதற்கு எளிது, தோளுக்கும் பாரமில்லை. அதற்குத் தடைகள் வந்தபோது இளைஞர்கள் மூங்கிலைக் கிழித்துப் பின்னும் பழைய முறைக்குத் திரும்பினார்கள். பஞ்சார் கூடத்தில் வாரக்கணக்கில் இரவு உட்கார்ந்து, மூங்கில் சிம்பை விலா எலும்புபோல வளைத்து, அதன்மேல் காகிதம் ஒட்டி வண்ணம் தீட்டுகிறார்கள். கை தெரிந்த முதியவர் ஒருவர் அருகில் இருந்து பின்னலைத் திருத்துவார். அந்தக் கூடத்தில் எந்தத் திட்ட அறிக்கையும் எழுதப்படுவதில்லை.

வயது ஏறிய பிறகு

பதின்வயதினர் இயக்கத்துக்கு ஒரு தீராத சிக்கல் உண்டு: பதின்வயது தீர்ந்துவிடும். மெலாத்தி 2020இல் ‘யூத்டோபியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். இளையோரே இளையோருக்குக் கற்றுத் தரும் களம் அது. மனு எழுதுவது, அதிகாரியைச் சந்திப்பது, குழுவைக் கட்டுவது என்று விமான நிலையத்திலும் பெரரெனானிலும் தாம் கற்றதைப் பாடமாக்கும் முயற்சி. படிக்கட்டில் ஏறாதவருக்குப் படிக்கட்டைப் பாடமாகச் சொன்னால் எவ்வளவு ஒட்டும் என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. அதே ஆண்டில், பாலியில் வளர்ந்து பதின்வயதிலேயே கடற்கரைத் துப்புரவைத் தொடங்கிய பெஞ்செகிப் உடன்பிறப்புகள் மூவர் ‘சுங்கை வாட்ச்’ அமைப்பை உருவாக்கி, ஆறுகளின் குறுக்கே மிதவைத் தடுப்புகள் கட்டிக் குப்பையைக் கடலுக்கு முன்பே பிடிக்கிறார்கள். அவர்கள் மேடையைவிட ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். தினமும் அள்ளியதை எடைபோட்டு, எந்த நிறுவனத்தின் உறை என்று வகைபிரித்து வைக்கிறார்கள்.

தடையின் இன்றைய நிலையைப் பல்பொருள் அங்காடியிலும் சந்தையிலும் வெவ்வேறாகக் காணலாம். அங்காடியில் பை கிடைக்காது, வாடிக்கையாளர் பழகிவிட்டார். விடியற்காலைச் சந்தையில் மிளகாயும் வெங்காயமும் விற்கும் பெண்ணிடம் இன்னும் க்ரெசெக் உண்டு. ஈரமான மீனை வேறெதில் போடுவது என்று அவர் கேட்டால் பதில் சொல்ல அருகில் யாரும் இருப்பதில்லை. 2025 ஏப்ரலில் கோஸ்டர் மறுபடியும் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார். ஒரு லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை என்ற பகுதியே தலைப்புச் செய்தியாயிற்று. அதே அறிக்கை சந்தைகளோடு தேசா அடாட்களையும் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குகிறது. குப்பையைப் பிறப்பிடத்திலேயே பிரிக்காத ஊர்களுக்கு நிதியுதவி தள்ளிப்போகும் என்கிறது. 2013இல் இரண்டு சிறுமியர் தட்டிய கதவுகளின் வரிசையில் இல்லாத ஊர் மன்றத்தின் கதவை இப்போது அரசு தட்டுகிறது. உள்ளே கூடிக் கணக்கு ஒப்பிக்கும் செகா தெருனாவின் கூட்டப் பட்டியலில் க்ரெசெக்கும் ஏறியிருக்கிறதா என்பதை ஊருக்கு ஊர் போய்த்தான் பார்க்கவேண்டும்.